இரண்டு கைகளும் தெரிகின்றன

பிப்ரவரி 8, சனி

இன்று முதல் என் ஹெல்மெட்டின் மேல் காமிரா உட்காரலாம். பாதுகாப்பு அதிகாரி க்ளென் என் ஜம்ப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசி எண்ணுக்கு வந்ததும், "இருநூற்று ஒன்று. சரி" என்று கையெழுத்துப் போட்டார். இருநூறு முறை விமானத்திலிருந்து குதிக்காதவர் காமிரா கட்டக் கூடாது என்பது எங்கள் க்ளப்பின் விதி. காமிரா இருந்தால் ஆள் படம் எடுப்பதிலேயே குறியாக இருப்பார், உயரத்தைப் பார்க்க மறந்துவிடுவார் என்கிறார்கள். சிலருக்கு அது பொருந்தலாம்.

டிசம்பரில் ஊருக்குப் போனபோது கொஞ்சம் ஜம்ப் சேர்ந்தது. முப்பத்தெட்டு. அந்தப் பக்கங்களில் இருந்த கோவை க்ளப்பின் வட்ட முத்திரையைப் பார்த்து, "அது உங்கள் ஊரில் மழைக்காலம் இல்லையா, டேவ்?" என்று க்ளென் கேட்டார். தெய்வசிகாமணி என்ற பெயர் மெல்பர்ன் வந்த முதல் வாரத்திலேயே டேவ் ஆகிவிட்டது. நடுநடுவே வெயில் அடித்தது என்றேன். முத்திரை ரொம்பத் தெளிவாக விழுந்திருக்கிறது. டவுன்ஹால் கடைக்காரர் நல்ல வேலைக்காரர்.

வீட்டுக்கு வந்து பூங்கொடியிடம் சொன்னேன். "சந்தோசமுங்க. அப்படியே குப்பைத் தொட்டிய வெளிய வெச்சிருங்க" என்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பால் பவுடர் தொழிற்சாலையில் நான் தரத் தணிக்கையாளர். இன்று குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்த்தேன். எட்டு நாள் எண்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு இருபது நிமிடம் பேசினேன். "எண் பொய் என்றால் அதன்மேல் கட்டிய எல்லாமே பொய்" என்றேன். அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதால் இங்கே குறித்து வைக்கிறேன்.

அந்த ஆளுக்கு ஒரு மூன்று பேனா வைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

காமிராவோடு முதல் ஜம்ப். இங்கே யார் எதை முதல்முறை செய்தாலும் க்ளப்புக்கு ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். முதல் ஜம்ப், முதல்முறை சேற்றில் விழுந்தது, முதல்முறை வேலியில் சிக்கியது எல்லாவற்றுக்கும் உண்டு. நான் குடிப்பதில்லை. ஆனாலும் பீர்க் கடைக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

ஹெல்மெட்டை ஒரு வாரமாகத் தயார் செய்தேன். பாராசூட் கயிறு காமிராவில் மாட்டிக்கொண்டால் கழுத்து போய்விடும். அதனால் மேலே தட்டையாகப் பதித்திருக்கிறேன். தாடைக்குக் கீழே ஒரு கொக்கி இருக்கிறது. அதை இழுத்தால் ஹெல்மெட்டே கழன்று பறந்துவிடும். காதோரம் ஒரு சின்ன உயரமானியும் உண்டு. ஐந்தாயிரத்து ஐந்நூறு அடியில் ஒரு தடவையும் நாலாயிரத்தில் இரண்டு தடவையும் பீப் அடிக்கும். இரண்டாயிரத்து ஐந்நூறில் நிற்காமல் அலறும். அந்த அலறலை நான் கேட்டதே இல்லை. இத்தனையும் போதாதென்று முதுகுப் பையில் இன்னொரு கருவி. எழுநூற்றைம்பது அடியிலும் ஒருவர் சும்மா விழுந்துகொண்டிருந்தால், மயங்கிவிட்டார் என்று முடிவுகட்டி ரிசர்வ் பாராசூட்டைத் தானே திறந்துவிடும்.

கொட்டகையில் சுகிர்தாதான் என் பாராசூட்டை மடித்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதிருக்கும். தரையிறங்கியதும் பாராசூட்டை அள்ளிக்கொண்டுபோய் அவள் முன்னால் போட்டால் பத்தே நிமிடத்தில் மடித்துப் பைக்குள் அடக்கிவிடுவாள். ரிசர்வ் மடிக்கவும் உரிமம் வைத்திருக்கிறாள். அதற்கு அடுத்த படி உரிமத்துக்கு ஏப்ரலில் தேர்வு எழுதப் போகிறாள். அதில் தேறினால் பழுதுபார்க்கலாம், சொந்தமாகப் பட்டறை வைக்கலாம்.

"அண்ணை, கோயம்புத்தூரில எந்த விமானத்திலயிருந்து குதிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"சின்ன விமானம்மா."

"என்ன விமானம் எண்டு தெரியாமலே முப்பத்தெட்டுத் தரம் ஏறினீங்களோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

படத்தைப் பார்த்தேன். நாற்பது நொடி வானம். ஐந்து நொடி என் இடது ஷூ. பழகப் பழகச் சரியாகும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஹெலனுக்கு அடுத்த சனிக்கிழமை நூறாவது ஜம்ப். அறுபத்தோரு வயது, பல் மருத்துவர், எங்கள் க்ளப்பின் செயலாளரும் அவர்தான். கணவர் போன பிறகு குதிக்க ஆரம்பித்தவர். "டேவ், நீங்கள் படம் எடுத்துத் தருவீர்களா? என் பேத்திக்கு அனுப்ப வேண்டும்" என்று கேட்டார். காமிராக்காரர்கள் இன்னும் மூன்று பேர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். என்னைத்தான் கேட்டார்.

அவருடைய பாராசூட் விரியும்போது நான் மல்லாந்து விழுந்தபடியே கீழிருந்து எடுக்கப் போகிறேன். இங்கே யாரும் அப்படி எடுத்ததில்லை. வேண்டாம், அனுபவம் போதாது என்றார் க்ளென். அவருக்குக் கலை பிடிபடாது.

மார்ச் 1, சனி

இன்று நடந்ததை வரிசையாக, நிதானமாக எழுதி வைக்கிறேன். பிறகு யாராவது கேட்டால் உதவும்.

காலை 11.20க்கு விமானம் கிளம்பியது. பதினாலாயிரம் அடியில் நானும் ஹெலனும் குதித்தோம். நாலாயிரம் அடியில் அவர் பாராசூட்டைத் திறந்தார். நான் மூவாயிரத்து ஐந்நூறில் வலது கையைப் பின்னால் கொண்டுபோய், பையின் அடிவிளிம்பில் உள்ள கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். வரவில்லை. கல் மாதிரி இருந்தது. அதற்குள் கருவி ரிசர்வைத் திறந்துவிட்டது. அறுவடை முடிந்த கோதுமை வயலில் இறங்கினேன். ஒரு கிலோமீட்டர் நடந்தேன். நடந்து வரும்போது அந்தக் கைப்பிடி எப்படியோ வெளியே வந்திருந்தது.

காமிரா ஓடவில்லை. எந்தப் பட்டனை அழுத்தினேனோ தெரியவில்லை.

"மெயின் பாராசூட்டை மடித்தது யார்?" என்று க்ளென் கேட்டார். சுகிர்தா என்றேன். அது உண்மைதானே. கைப்பிடியோடு சேர்ந்த சின்னப் பாராசூட்டை அதன் உறைக்குள் இறுக்கித் திணித்தால் இழுக்க வராமல் போவதுண்டு. அப்படி நடந்திருக்கலாம் என்று மட்டும்தான் சொன்னேன். விசாரணை முடியும்வரை யாருடைய பாராசூட்டையும் தொடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். 16ஆம் தேதி கமிட்டி கூடுகிறது. அதுவரை அவளுடைய தேர்வு விண்ணப்பமும் நிறுத்திவைப்பு.

பிறகு க்ளென் ரிசர்வின் அட்டையை எடுத்துப் பார்த்தார். ரிசர்வ் யார் உயிரைக் காப்பாற்றுகிறதோ அவர் அதை மடித்தவருக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இது எங்கள் வழக்கம். அட்டையில் நவம்பர் மாதத் தேதியும் சுகிர்தாவின் கையெழுத்தும் இருந்தன.

மார்ச் 2, ஞாயிறு

தோள்பட்டை வீங்கியிருக்கிறது. தோட்டத்தில் விழுந்துவிட்டேன் என்று பூங்கொடியிடம் சொன்னேன். "எந்தத் தோட்டத்துலீங்க?" என்று கேட்டாள். எங்களிடம் இருப்பது இரண்டு கறிவேப்பிலைத் தொட்டி.

மார்ச் 4, செவ்வாய்

ஓடாத காமிராவில் இரண்டு நிமிடம் பதினொரு நொடி இருக்கிறது.

ஆபீஸிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். ஹெலன் கையை அசைக்கிறார், திறக்கிறார். ஆரஞ்சும் வெள்ளையுமாக அவருடைய பாராசூட் படத்தின் நடுமத்தியில் விரிகிறது. பின்னால் ஒரே ஒரு மேகம். ஆடவில்லை, நகரவில்லை. அவர் மேலே போய்க்கொண்டே இருக்கிறார், சின்னதாகிக்கொண்டே இருக்கிறார், நான் அவரை விடவே இல்லை. இவ்வளவு நல்ல படத்தை இந்த க்ளப்பில் யாரும் எடுத்ததில்லை.

ஓரங்களில் என் கைகள் தெரிகின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கடைசிவரைக்கும் அங்கேயேதான் இருக்கின்றன.

அழிக்கலாம் என்று போனேன். நிச்சயம் அழிக்கவா என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். மனசாட்சி என்றெல்லாம் இல்லை. படம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

பாட்டில் கொண்டுபோனேன். பூங்கொடி பையைப் பார்த்துவிட்டு, "குடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள். வேறொருவருக்கு என்றேன்.

சுகிர்தா கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வேறு வேலை இல்லை. வழக்கமாக அவள் முன்னால் பாராசூட்டைக் குவித்துவிட்டுக் காபி குடிக்கப் போகிறவர்கள் எல்லாம், அவளுக்குத் தடை வந்ததும், தரையில் முட்டிபோட்டு அவரவர் மடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மடங்கு நேரம் ஆனது. அவளைக் கடந்து போகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

"நான் குடிக்கிறேல்லை அண்ணை. ஆனா வழக்கம் வழக்கம்தானே" என்று பாட்டிலை வாங்கினாள். அலமாரியில் ஏற்கெனவே இரண்டு பாட்டில் இருந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, பிழைத்தவரின் பெயர், தேதி, காரணம் எழுதியிருந்தது. என் பாட்டிலிலும் டேப்பை ஒட்டி, பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"காரணத்தை நீங்களே எழுதுங்கோ."

"நீயே எழுதும்மா."

"எனக்குத் தெரியாதே. நீங்கள்தானே மேல நிண்டனீங்கள்."

'மெயின் திறக்கவில்லை' என்று எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாது. திறக்கவில்லைதான். அவள் அதை வாசித்தாள். பிறகு சாதாரணமாக, ஏதோ விலை கேட்கிற மாதிரி கேட்டாள்:

"ரெண்டு தரம் இழுத்தும் வராத கைப்பிடி, வயலுக்குள்ள நடக்கேக்க தானாய் வந்ததோ?"

ஆடியிருக்கும் என்றேன்.

"நான் ரெண்டு வருசம் படிச்சு எடுத்த உரிமம் அண்ணை. பகலில கோழிப் பண்ணையில வேலை செய்துபோட்டுப் பின்னேரம் வந்து படிச்சனான். இந்தக் கொட்டகையில நாலாயிரத்துச் சொச்சம் மடிச்சிருக்கிறன். ஒண்டும் இறுகினதில்லை." பாட்டிலை அலமாரியில் வைத்தாள். "உங்கட உயிர் இருக்கு. அது எனக்குச் சந்தோசம்தான். அதுக்காக என்ரய எடுத்துக்கொண்டு போகாதேங்கோ."

காருக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பும் வழியில் பால் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ஹெலன் மூன்றாவது தடவையாகப் போன் செய்தார். ஒரு நொடிகூட இல்லையா, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார். நூறாவது ஜம்ப் ஒரு தடவைதான் வரும். பாவமாக இருந்தது. காமிராவின் மெமரி கார்டை ஒரு கடையில் கொடுத்துப் பார்க்கிறேன், ஏதாவது மீட்க முடிந்தாலும் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

ஹெலனுக்கும் எனக்கும் நல்லதாக ஒரு வழி தோன்றியது. ஓரங்களை வெட்டினால் கைகள் போய்விடும். பாராசூட் விரிந்த மூன்றாவது நொடியில் நிறுத்தினால் பின்னால் நடந்தது போய்விடும். காற்றின் இரைச்சலுக்கும் பீப் சத்தத்துக்கும் பதிலாக ஒரு வீணை இசை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். எங்கே வெட்டலாம் என்று பார்க்க ஒரு தடவை முழுதாக ஓட விட்டேன். ஹெட்போன் மாட்டியிருப்பதாகத்தான் நினைத்தேன். ஒயர் லேப்டாப்பில் செருகாமல் கிடந்திருக்கிறது.

பூங்கொடி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அலறல் ஆரம்பித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"என்னங்க அது, அலாரமா?"

"ஆமா. உயரத்துக்கு அடிக்கிறது."

"யாருக்கு அடிக்குது?"

"படத்துல வர்றது அது."

நின்று பார்த்தாள். கடைசிவரை பார்த்தாள். படம் குலுங்கிக் கவிழ்ந்து, ரிசர்வ் திறந்து, வயல் தெரிகிற வரைக்கும்.

"இவ்ளோ நேரமா அடிக்குதே, யாருமே போகலியாங்க?" என்றாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். போய் மறுபடியும் தட்டுக் கழுவ ஆரம்பித்தாள். ஒரே தட்டை ரொம்ப நேரம் கழுவினாள்.

மார்ச் 13, வியாழன்

வீணை சரிப்பட்டு வரவில்லை.

மார்ச் 15, சனி

க்ளப்புக்குப் போகவில்லை. புல் வெட்டினேன். கார் கழுவினேன். டயருக்குக் காற்று அடித்தேன். பூங்கொடி இரண்டு நாளாகத் தேவையானதை மட்டும் பேசுகிறாள். இன்று சாப்பிடும்போது, "அந்தப் புள்ளைக்கு என்னங்க ஆகும்?" என்று கேட்டாள். சுகிர்தாவைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த நோட்டை அவள் படிக்கிறாளோ என்னவோ. படித்தால் படிக்கட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

லேப்டாப்பைக் காரில் வைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் எடுப்பேன் என்று கடைசிவரை எனக்கே தெரியாது.

கமிட்டி மடிக்கும் கொட்டகையிலேயே கூடியது. க்ளென், ஹெலன், இன்னும் ஓர் உறுப்பினர். சுகிர்தா நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தாள். என் வாக்குமூலத்தை ஹெலன் படித்தார். அவர் பல் மருத்துவர், எதையும் வலிக்காமல் சொல்லத் தெரியும். கல் மாதிரி இருந்தது என்ற இடம் வந்தபோது சுகிர்தா என்னைப் பார்த்தாள். க்ளென் தொண்டையைச் செருமினார். வேறு சாட்சி இல்லாததால் மடித்தவரின் கவனக்குறைவு என்று பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, ஆகவே ஏப்ரல் தேர்வுக்கு அவர் பெயரை அனுப்ப முடியாது என்றார். கீழே நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் கொடுத்தார்.

"நான் இதில கையெழுத்து வைக்க மாட்டன்" என்று சுகிர்தா தமிழில் என்னிடம் சொன்னாள். "நீங்கள் வையுங்கோ. உங்களுக்கு முத்திரையும் இருக்குமே."

மற்றவர்களுக்கு அது புரியவில்லை. எனக்கு முகம் சுட்டது. அவளுக்கு முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் இரண்டு வாரத்தில் அவளைக் காலி செய்துவிட்டேன்.

"காமிரா ஓடியது" என்றேன்.

லேப்டாப்பை மடிக்கும் மேஜையில் வைத்தேன். எதையும் வெட்டாமல் சத்தத்தோடு போட்டேன். ஹெலனின் பாராசூட் விரிந்தபோது அவர் 'ஓ' என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்த ஒரு நொடி, கடவுளே, எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அதற்குள் இரண்டு உயரத்துக்கான பீப்பும் அடித்து முடிந்திருந்தது. பிறகு அலறல். அது பத்து நொடி. பத்து நொடி எவ்வளவு நீளம் என்பது அந்தக் கொட்டகையில்தான் எனக்குத் தெரிந்தது. ஓரங்களில் என் இரண்டு கைகளும், மெத்தையில் படுத்திருக்கிறவன் கைகளைப்போல விரிந்து கிடந்தன.

முடிந்ததும் சுகிர்தாதான் பேசினாள். இந்தத் தடவை எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஆங்கிலத்தில்.

"வயலில் கைப்பிடியை இழுத்தது யார்?"

"நான்தான். யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று இழுத்தேன். உன் மேல் பொய் சொன்னேன். மன்னித்துவிடு."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

ஜம்ப் புத்தகத்தையும் நானே எடுத்துக் கொடுத்தேன். கோவைப் பக்கங்கள் முப்பத்தெட்டும் டவுன்ஹாலில் செய்த முத்திரை என்றேன். அங்கே அப்படி ஒரு க்ளப்பே இல்லை. க்ளென் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புத்தகத்தை மூடி, தன் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வருடம் தரையில் இரு, காமிரா கட்டிக் குதித்தது எதுவும் கணக்கில் இல்லை, அதற்குப் பிறகு வருவதானால் நூற்று அறுபத்து மூன்றிலிருந்து ஆரம்பி என்றார். சுகிர்தாவின் விண்ணப்பம் நாளைக் காலையே போகும் என்றார். ஹெலனிடம், படத்தின் பிரதி இப்போதே தருகிறேன் என்றேன்.

"அழகான படம், டேவ்" என்றார் அவர். "எனக்கு வேண்டாம். நீங்கள் சாவதைப் பார்த்துக்கொண்டே என்னால் அதைப் பேத்திக்குக் காட்ட முடியாது."

பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டு க்ளென் புதுப் படிவம் எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எத்தனை மணிக்கு ஏறினேன், எந்த உயரத்தில் மல்லாந்தேன், உயரம் பார்த்தேனா, எத்தனை தடவை இழுத்தேன். ஒரு தடவையும் இல்லை. கடைசிக் கேள்விக்கு முன்னால் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த அலாரம் உன் காதுக்குள்ளேயே அடித்திருக்கிறது. உனக்கு அது கேட்கவே இல்லையா?"

"கேட்டது."

"அப்புறம்?"

பொய் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"வேறு யாருக்கோ அடிக்கிறது என்று நினைத்தேன்" என்றேன்.